கிணற்றங்கரைக் கற்குவை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் புதுக்கிணறு தோண்டுங்கால் வெளியே குவிக்கப்படும் கற்களை நாம் மதில் கட்டுதற்கே நோக்குகின்றோம். அவை மயோசீன் காலத்தில், அஃதாவது ஏறக்குறைய 230 இலட்சம் முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரையான காலப்பகுதியில், ஆழங்குறைந்த கடலடியிற் படிந்த சுண்ணக்கற்களாம்.

கல்லை இனங்காண்பவர் புதிதாக உடைந்த முகத்தையே பார்த்தல் வேண்டும். வெயிலும் மழையும் பட்ட புறம் ஏமாற்றும். சுண்ணக்கல் எஃகுக் கத்திக்குக் கீறுபடும். குவார்ட்சு கீறுபடாது, கண்ணாடியையே கீறும். ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் ஒரு துளி விடின் சுண்ணக்கல் நுரைத்தெழும். அமிலம் இல்லாதார் கல்லைப் பொடித்து வினாகிரி விடலாம். நுரை மெல்லவே தோன்றும்.

உயிர்ச்சுவடு காண்பதுதான் கடினம். சிப்பியின் ஓடு பலவேளை நீரிற் கரைந்துபோக, உள்ளே நிரம்பி இறுகிய சேற்றின் அச்சே எஞ்சும். ஓட்டின் வரிகளைத் தேடுபவர் அதனை வெறுங்கல்லென எறிந்துவிடுவர். இதற்கு மாறாக, அண்மையிற் கரையொதுங்கிய முருகைக்கல்லை உயிர்ச்சுவடெனக் கொண்டுவரும் மாணவரும் உளர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. நானும் அத்தகைய ஒன்றை ஈராண்டு கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தேன்.

அதனினும் பெரும்பிழை பிறிதொன்று. எடுத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, கல்லிலே மையால் இலக்கமிட வேண்டும். யானோ பன்னிரண்டு கற்களை ஒரே பெட்டியில் வாளா இட்டேன். அவற்றுள் ஒன்றிலே முட்டோலியின் ஐந்திதழ்க் கோலம் தெளிவாக உள்ளது. அஃது எக்கிணற்றது, எத்தனை அடி ஆழத்தது என்று இன்று கூற இயலேன். அக்கிணறுகள் யாவும் உட்சுவர் கட்டி முடிக்கப்பட்டுவிட்டன.