இருவராகக் காட்டுக்குள் போகுமுன்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. சென்னையிலிருந்து வந்திருந்த குழுவில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொரு குழு ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. சிலர் மலையிலேயே இறந்தார்கள். பலர் தீக்காயங்களோடு மருத்துவமனையில் நாள்கணக்கில் போராடி இறந்தார்கள். மொத்தம் 23 உயிர்கள். அவர்களில் மணமாகிச் சில மாதங்களே ஆன ஓர் இணையும் உண்டு. அந்தத் தடத்தில் போவதற்கு அவர்களிடம் முறையான அனுமதி இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. போனவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அழைத்துப் போகிறவர் எல்லாம் பார்த்திருப்பார் என்று நம்பித்தான் பெரும்பாலோர் மலையேறுகிறார்கள்.

இன்று குழுவாகப் போகிறவர்களைவிடவும் எனக்குக் கவலை தருகிறவர்கள், தோளில் ஆளுக்கொரு பையோடு இருவராகக் கிளம்புகிற தம்பதிகளும் காதலர்களும்தான். காட்டில் ஒருவர் கால் பிசகி விழுந்தால், துணையை விட்டுவிட்டு உதவி தேடி ஓடுவதா, அருகிலேயே உட்கார்ந்திருப்பதா என்று மற்றவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது ஆள் இருந்தால் அந்தக் கொடுமையான கேள்வியே எழாது.

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன் 28ஆம் பிரிவு, சுற்றுலாவுக்காக உள்ளே போக அனுமதி தரலாம் என்கிறது. அனுமதியில்லாமல் போனால் பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாயாக இருந்தது. கூகுள் மேப்பில் ஒரு கோடு தெரிகிறது, யூடியூபில் யாரோ அதே வழியில் நடந்து காட்டினார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. எஸ்டேட்காரர் “நம்ம இடம்தான், தாராளமா போங்க” என்றாலும் அது எஸ்டேட் எல்லை வரைதான். அதற்கு அப்பால் உள்ள சோலைக்கும் புல்வெளிக்கும் அவர் உரிமை தர முடியாது. காட்டுக்குள் கூடாரம் போட்டு இரவு தங்குவதற்கும் இதே கதைதான். நடக்க அனுமதி வாங்கிவிட்டால் தங்கவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முறையாகப் போக இப்போது வழி இருக்கிறது. குரங்கணிக்குப் பிறகு, 2018இலேயே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை, நீலகிரியின் லாங்வுட் சோலை, ஏன், குரங்கணி–சாம்பலாறு தடம்கூட அதில் இருக்கிறது. இணையத்திலேயே பதிவு செய்யலாம். காட்டோரப் பழங்குடிக் கிராமங்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருவார்கள். “நாங்கள் தனியாக இருக்கத்தானே போகிறோம், நடுவில் இவர் எதற்கு?” என்று நினைக்கும் ஜோடிகளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காற்றில் யானையின் வாடையை முதலில் பிடிப்பவர் அவர். சிக்னல் எந்தப் பாறையில் கிடைக்கும் என்று அறிந்தவரும் அவர். மேலே சொன்ன மூன்றாவது ஆள் அவர்தான்.

காட்டுத்தீக் காலத்தில், 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, இந்தத் தடங்கள் மூடப்பட்டன. அப்படி மூடியிருக்கும் நாட்களில் எவராவது “ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கித் தருகிறேன்” என்றால், அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அனுமதியில்லாமல் போய்விட்டவர்கள் செய்கிற பெரிய பிழை, ஆபத்து வந்த பிறகும் வெளியே சொல்லப் பயப்படுவது. 2020 ஜனவரியில் கோவை பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த பாலமலைக் காட்டில், கணவரோடும் நண்பர்களோடும் நடந்துபோன ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அந்தக் குழுவும் அனுமதி பெறாமல்தான் போயிருந்தது. யானைக்கு நம்மிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று தெரியாது; ஆனால் அனுமதி கேட்டுப் போயிருந்தால், அந்தப் பக்கம் யானைக்கூட்டம் நடமாடுகிறது என்பதை வனத்துறை முன்கூட்டியே சொல்லியிருக்கும், வழியை மாற்றியிருக்கும். போனது போகட்டும், ஏதாவது நேர்ந்துவிட்டால் உடனே 112ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டும் இடத்தில் அந்த அழைப்பு போகும். அத்துமீறல் வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பயந்து வீணாக்கும் ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும். மருத்துவமனையும் “முதலில் போலீஸ் வரட்டும்” என்று சொல்லக் கூடாது. உயிருக்குப் போராடுபவருக்குச் சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

காட்டில் ஜோடியைத் தடுத்து நிறுத்துகிறவர்கள் எல்லாரும் வனத்துறை ஆட்களாக இருக்க மாட்டார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பயந்து பணத்தை நீட்டிவிடாதீர்கள். பெயர், பதவி, எந்தச் சரகம் என்று கேளுங்கள், அடையாள அட்டையைப் பாருங்கள். உண்மையான வனக்காப்பாளர் என்றால் வாக்குவாதம் வேண்டாம். “சரக அலுவலகத்துக்கே வருகிறோம்” என்று சொல்லுங்கள். அபராதம் கட்ட வேண்டியிருந்தால் அங்கே, ரசீதோடு கட்டுங்கள். பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான் சோதனையிட வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்வதற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. விதிவிலக்கான சூழலில், பெண் காவலர் எழுத்துபூர்வமாக அறிக்கை தந்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற பிறகே செய்ய வேண்டும் என்கிறது. “வீட்டுக்குச் சொல்லிவிடுவேன், போட்டோவைப் போட்டுவிடுவேன்” என்று மிரட்டிப் பணம் கேட்பது பணம் பறித்தல் குற்றம். அதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் நடந்தது எந்த ஊராக இருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லையைக் காரணம் காட்டி அதை வாங்க மறுக்கக் கூடாது.

மணமாகாத ஜோடிகள் இதில்தான் அதிகம் நசுங்குகிறார்கள். மலை அடிவாரத்தில் அறை எடுக்கும்போதே தொல்லை தொடங்கிவிடும். 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கோவையில் ஒரு தங்கும் விடுதிக்குச் சீல் வைத்த வழக்கில் தெளிவாகச் சொன்னது: வயது வந்த, மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆகவே வயதைக் காட்டும் அடையாள அட்டை இருந்தால் போதும். தாலியும் திருமணச் சான்றிதழும் சட்டம் கேட்பவை அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு, நேரில் போனதும் அறை தர மறுத்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் ஏன் பொல்லாதது என்றால், அது ரகசியத்தை வளர்க்கிறது. 2011 மே மாதத்தில் சுருளி அருவிப் பக்கம் போன ஓர் இளம் ஜோடி வீடு திரும்பவில்லை. உறவினர்கள் தேடி அலைந்து, சில நாள் கழித்து உடல்கள்தான் கிடைத்தன. அந்தக் கொலை வழக்கில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விசாரணையின் கோளாறுகளைச் சுட்டிக்காட்டி அவரை விடுவித்தது. மரபணு மாதிரிகளைக் கையாளும் முறைக்கு நாடு முழுவதற்குமான வழிமுறைகளையும் வகுத்தது. இரண்டு குடும்பங்களுக்கு இன்றுவரை விடையில்லை. வீட்டில் சொல்ல முடியாவிட்டால், நம்பிக்கையான ஒரு தோழியிடமோ நண்பனிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

காட்டின் ஆபத்துகளில் தீயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஏறும், ஆகவே உச்சியை நோக்கி ஓடுவது தீயோடு பந்தயம் ஓடுவதாகிவிடும். குறுகிய பள்ளங்களுக்குள்ளும் இறங்கக் கூடாது. அங்கே வெப்பமும் புகையும் மேலெழும்பிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், வெறும் பாறை, ஓடை இவைதான் புகலிடம். நைலான், பாலியஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் நல்லது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்; விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். திரும்பி வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால், “காட்டுக்குப் போயிருந்தேன்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருந்து எளிது, ஆனால் சந்தேகம் எழாவிட்டால் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

இனிப் பணம். தனியார் மலையேற்ற நிறுவனத்தோடு போகும்போது, “எது நடந்தாலும் என் பொறுப்பு” என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து அவர்களுடைய கவனக்குறைவை மன்னித்துவிடாது. அனுமதி வாங்கிவிட்டதாகப் பொய் சொன்னாலோ, தகுதியில்லாத ஆளை வழிகாட்டியாக அனுப்பினாலோ, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். அதை உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடரலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால், இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

மருத்துவ இன்சூரன்ஸ் நிறுவனம் “சாகச விளையாட்டு, கிளெய்ம் கிடையாது” என்று மறுத்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிவிலக்கு, அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு உரியது; விடுமுறையில் மலையேறும் உங்களுக்கு உரியது அல்ல. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விபத்துக் காப்பீட்டின் நிபந்தனைகள் வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். மணமாகாத துணை சட்டப்படி வாரிசு அல்ல. ஒருவர் இறந்தால் இழப்பீட்டு வழக்கைத் தொடரும் உரிமை பெற்றோருக்குத்தான் போகும். அதனால் இருவரும் ஒருவர் வீட்டு எண்ணை மற்றவர் வைத்திருப்பது அவசியம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே மலையேறப் பயன்படுத்தும் செயற்கைக்கோள் தகவல் கருவியை, கார்மின் இன்ரீச் போன்றவற்றை, இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்புமுன் ஒருவரிடம் விவரங்களை எழுதிக் கொடுங்கள்: எந்தத் தடம், அனுமதிச் சீட்டின் படம், வனச்சரக அலுவலக எண், வண்டி எண், அதை நிறுத்தும் இடம், திரும்பும் நேரம். சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் தகவல் இல்லையென்றால், அவர் சரக அலுவலகத்தையும் 112ஐயும் அழைக்க வேண்டும். காணாமல் போனவரைப் பற்றிப் புகார் தர 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “காலையில் வாங்க” என்று நிலையத்தில் சொன்னால், அங்கேயே நின்று, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொல்லிவையுங்கள்.