எண்ணப்படாதவன் ஏமாற்றப்படுவான்!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பழுதான பேச்சல்ல, பாட்டி கண்ட விஞ்ஞானம்! 'மாதிரிக் கணக்கெடுப்பு' என்று புள்ளியியல் பேராசிரியர்கள் பெரும்பெயர் சூட்டி அழைப்பதும் இதைத்தான். ஆனால் பாட்டி, அகப்பையால் அடிவரை கிளறிவிட்டல்லவா பருக்கையை எடுக்கிறாள்! கிளறாமல், மேலே மிதக்கும் பருக்கையை நசுக்கிப் பார்த்து, "வெந்துவிட்டது" என்று இறக்கி வைத்தால், அடியிலே கிடப்பது சோறா, அரிசியா, கருகலா? யார் கண்டார்!

அமெரிக்காவிலே 1936-இல் நடந்தது இதுதான். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற ஏடு, அதிபர் தேர்தலில் உங்கள் வாக்கு யாருக்கு என்று கேட்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினர். லாண்டன் வெல்வார் என்று முரசறைந்தது ஏடு. வந்த முடிவோ, 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு! ஏன் பொய்த்தது கணக்கு? முகவரிகளைப் பெரும்பாலும் எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்து, மோட்டார் கார் பட்டியலிலிருந்து! போனும் இல்லை, காரும் இல்லை - அந்தப் பாட்டாளியை யார் கேட்டார்கள்? சீட்டு கிடைத்தவரிலும் பெரும்பாலோர் பதில் போடவில்லை. கேட்டவர் தொகை பெரிது. கேட்ட முறை கோணல்.

அமெரிக்கா கிடக்கட்டும், நம் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வருவோம். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் சித்தேரி மலை, இடையிலே கரும்பும் மரவள்ளியும் விளையும் தரை. இந்த வட்டாரத்தில் பத்து ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஏழு தரையிலே, மூன்று மலைமேலே. இரண்டு ஊரைப் பார்த்துப் பத்து ஊரின் நிலையையும் எழுத ஓர் அதிகாரி வருகிறார். பேருந்து நிற்கும் இடத்தருகே இரண்டு ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மலையூருக்கு உள்ள வாய்ப்பு சுழி!

"இல்லை, நேர்மையாகச் சீட்டுக் குலுக்குகிறேன்" என்கிறார். குலுக்கட்டும். முதல் சீட்டு பத்தில் ஒன்று, அடுத்தது மிச்சம் ஒன்பதில் ஒன்று, பெருக்கினால் 90. எது முன், எது பின் என்பது பொருட்டல்ல, ஆகவே பாதி: 45 ஜோடிகள். இவற்றுள் இரண்டுமே தரையூராக அமைபவை, ஏழை ஆறால் பெருக்கிப் பாதியாக்க, 21. அதாவது 45-க்கு 21! வஞ்சகம் இல்லாமல் குலுக்கினாலும், ஏறக்குறையப் பாதி வாய்ப்பிலே மலைமக்கள் ஏட்டில் இடம்பெறாமலே போவார்கள். அதனால்தான் விவரமறிந்தவர்கள் மலையைத் தனியாக, தரையைத் தனியாகப் பிரித்து, இரண்டிலும் சீட்டு எடுக்கிறார்கள்.

பதம் பார்க்க இது போதும். பங்கு பிரிக்கப் போதுமா? பந்தியிலே எத்தனை பேர் என்று தெரியாமல் இலை போட முடியுமா?

1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளின் கணக்கும் நாடு முழுமைக்கும் வெளிவரவில்லை. 1980-இல் மண்டல் குழு, பிற்பட்டோர் 52 விழுக்காடு என்று சொல்ல, அந்த வெள்ளையர் காலத்து ஏட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. நம் 69 விழுக்காட்டைப் பற்றி 2010-இல் உச்ச நீதிமன்றம் கேட்டதும் "கணக்கு எங்கே?" என்றுதான். எண்ணாமல் இருந்தவர்கள் அவர்கள், எண்ணிக்கை காட்டவேண்டியவர்கள் நாமாம்! 2023-இல் பீகார் வீடு வீடாக எண்ணிப் பார்த்தது. பிற்பட்டோரும் மிகப் பிற்பட்டோரும் சேர்ந்து 63 விழுக்காடு என்று தெரிந்தது. 2025 ஏப்ரல் 30-இல் ஒன்றிய அமைச்சரவைக் குழுவும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்க்க முடிவெடுத்தது. கணக்கு நாள் 2027 மார்ச் 1 என அறிவிப்பும் வந்தது.

"சாதியை ஒழிக்க வந்தவர்கள் சாதியை எண்ணச் சொல்லலாமா?" என்று நையாண்டி பேசுவோர் உண்டு. காய்ச்சலை ஒழிக்க வந்த மருத்துவர், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அளந்து பார்ப்பதில்லையா?

எண்ண வந்தால் மட்டும் போதுமா? 2011 கணக்கெடுப்பு முடிந்தபின், சில இடங்களைப் பொறுக்கியெடுத்து மீண்டும் எண்ணிச் சரிபார்த்தார்கள். ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டது தெரிந்தது! 121 கோடியிலே கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டே முக்கால் கோடி. விடுபடுவது மாடிவீட்டுக்காரரா? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப்போய், ஊரிலே வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் நம் தோழனுக்கல்லவா அந்த ஆபத்து அதிகம்!

ஆகவே, கழகத் தோழர்களே, கிளைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தெருத்தெருவாக வீடுகளைக் குறியுங்கள். பூட்டிய வீட்டார் எங்கே பிழைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வேலைத்தலத்தில் வசித்தால் அங்கே பதியட்டும், ஊரில் வசித்தால் ஊரில் பதியட்டும். இரண்டிடத்தில் பதிவது தவறு. ஓரிடத்திலும் பதியாமல் போவது தற்கொலை. கணக்கெடுப்பவர் வரும் நாளிலே, மலையூருக்கு வழிகாட்ட ஒருவர் உடன் நடக்கட்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏட்டில் இல்லாதவனுக்கு இலையும் இல்லை. எண்ணப்படுவோம், பிறகு, எண்ணிக்கைக்கேற்ற பங்கைக் கேட்போம்!