சுணை போனால் கீரை

உத்தராகண்டின் கர்வால் மலைக் கிராமங்களில் சொல் பேச்சு கேட்காத பிள்ளையை மிரட்டப் பிரம்பு தேவையில்லை. வேலியோரம் வளரும் கண்டாலிச் செடியைக் காட்டினாலே போதும். தொட்டால் தேள் கொட்டியதுபோல் எரியும் என்பதால் இந்தியில் அதற்கு 'பிச்சூ காஸ்', அதாவது தேள் புல் என்று பெயர். நேபாளத்தில் அதையே 'சிஸ்னு' என்கிறார்கள். பகலில் பிள்ளையை மிரட்டிய அதே செடி, இரவில் குழம்பாகத் தட்டுக்கு வந்துவிடும்.

இப்போது இதன் உலர்ந்த இலை 'நெட்டில் டீ' என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளுக்கும் வருகிறது. அதனால் இதைப் பறிக்கும் முறை, பதப்படுத்தும் முறை, யாருக்கு ஆகாது என்பதையெல்லாம் நாமும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

இலையிலும் தண்டிலும் உள்ள சுணைதான் காரணம். ஒவ்வொரு சுணையும் உள்ளே கூடான நுண்ணிய ஊசி. அதன் நுனி கண்ணாடிபோல் எளிதில் உடையும் சிலிக்காவால் ஆனது. தோல் பட்டதும் நுனி முறிந்து, ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின் போன்றவை தோலுக்குள் இறங்குகின்றன. கொதிநீர் பட்டால் சுணை துவண்டு, கொட்டும் சக்தி போய்விடும்.

நம் செந்தட்டி வேறு

நம் ஊர் வேலிகளில் படரும் செந்தட்டியும் காஞ்சொறியும் இதே போலத்தான் எரியும். ஆனால் அவை ஆமணக்குக் குடும்பத்துக் கொடிகள். கண்டாலியோ 'அர்ட்டிகேசியே' குடும்பம். நீலகிரிச் சோலைகளில் ஆள் உயரம் வளரும் பெரிய சுணைச்செடி அதே குடும்பம்தான் என்றாலும் இனம் வேறு. எரிகிறது என்பதை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு எந்தச் செடியையும் கீரையாக்க வேண்டாம். செடியை அறிந்தவர் துணையில்லாமல் பறிப்பதே தவறு.

எப்போது, எங்கே பறிப்பது?

குளிர்காலம் முடிந்து துளிர் விடும் பருவம்தான் சரியான நேரம். நுனியில் உள்ள நான்கு முதல் ஆறு இலைகளை மட்டும் கிள்ள வேண்டும். மலைப் பெண்கள் இடுக்கியால் பிடித்துக் கத்தரிப்பார்கள். பழக்கமில்லாதவர்களுக்குத் தடித்த ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

பூத்த செடியை விட்டுவிடுங்கள். முற்றிய இலைக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் சேர்ந்துவிடும். வேகவைத்தாலும் அவை கரையாமல் வாயில் நறநறக்கும். சிறுநீர்ப் பாதையையும் உறுத்தக்கூடும்.

இந்தச் செடி குப்பைமேட்டிலும் சாக்கடை ஓரத்திலும்தான் கொழுத்து வளரும். மண்ணில் உள்ள நைட்ரேட்டையும் கன உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். சாலையோரம், மருந்து தெளித்த வயல், கழிவுநீர் ஓடும் இடம் மூன்றிலும் பறிக்கக் கூடாது.

பதப்படுத்தும் முறை

*உறைய வைக்க:* இடுக்கியால் அலசி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் இடவும். பச்சை நிறம் மாறாது. பிழிந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மாதம் வரை தாங்கும்.

*உலர்த்த:* சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடவும். வெயிலில் போட்டால் நிறமும் சத்தும் குறையும். இலை சருகாக நொறுங்கும்வரை கையுறையைக் கழற்ற வேண்டாம். அரைகுறையாகக் காய்ந்த இலையும் கொட்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத கண்ணாடிச் சீசாவில் தேதி எழுதி வைத்து, ஓராண்டுக்குள் தீர்த்துவிடவும்.

கர்வாலில் வெந்த இலையை மசித்து, கடுகெண்ணெயில் 'ஜக்யா' தாளித்துக் கொட்டுகிறார்கள். ஜக்யா வேறொன்றுமில்லை, நம் நாய்க்கடுகுதான். கூடச் சாப்பிடக் கேழ்வரகு ரொட்டி, அல்லது குதிரைவாலிச் சோறு.

சத்து எவ்வளவு?

100 கிராம் வெந்த இலையில் சுமார் 480 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு நாள் தேவையான 1,000 மில்லிகிராமில் ஏறக்குறையப் பாதி. ஆனால் இரும்புச்சத்து 1.6 மில்லிகிராம்தான், பெண்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 29 மில்லிகிராம். எனவே 'ரத்தசோகையை விரட்டும்' என்ற விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

யாருக்கு ஆகாது?

இதில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சுணை பட்டுவிட்டால்

தேய்க்காதீர்கள், தேய்த்தால் சுணை இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் சுணை அதோடு வந்துவிடும். பிறகு சோப்பு நீரில் கழுவி, குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுக்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுணை தொட்ட உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நிமிடக் கொதியில் அடங்கியும் விடும். முற்றிய இலையும், சாக்கடை மண்ணும், மாத்திரையோடு மோதும் வைட்டமினும் கையில் உறைப்பதில்லை. கையுறை போட்டவர்களும் கவனம் வைக்க வேண்டியது அங்கேதான்.