கண்ணால் ஒரு நாவல், காதால் ஒரு நாவல்

கடந்த மூன்று மாதத்தில் இரண்டு நாவல்களை முடித்தேன். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ புத்தகமாக, இரவில், மேசை விளக்கடியில். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூலாக, தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில். பாம்பே கண்ணன் குழுவினர் ஆளுக்கொரு குரலில் நடித்துப் பதிவுசெய்தது அது. இரண்டையும் படித்துவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சொல்லில் பிழை பொறுக்கமாட்டாள். “அசோகமித்திரனைப் படிச்சே, சரி. கல்கியை நீ படிக்கலடா, கேட்டிருக்கே” என்றாள்.

வள்ளுவரே கல்விக்கு 40ஆம் அதிகாரத்தையும் கேள்விக்கு 42ஆம் அதிகாரத்தையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறாரே, அவள் சொல்வது சரிதானோ என்று முதலில் பட்டது. ஆனால் ஒரு கதை உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு, அது கண்வழி வந்ததா காதுவழி வந்ததா என்று மூளை பேதம் பார்க்கிறதா? இதை ஆய்வகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய வியப்பு.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நிற்கும், சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி நிற்கும். தாவுகிற நேரம் 20 முதல் 40 மில்லிநொடி. அந்த நேரத்தில் மூளை பார்வையை அடக்கிவைத்துவிடுகிறது; இல்லாவிட்டால் பக்கம் முழுதும் கலங்கலாக ஓடுவதுபோல் தெரியும். சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். விழி அசைவதை உங்களால் ஒருபோதும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

நிற்கிற இடத்திலும் தெளிவாகத் தெரிவது கொஞ்சம்தான். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். விழித்திரையின் நடுப்புள்ளி கூர்மையாகக் காண்பது ஏறக்குறைய அந்த அகலத்தைத்தான். சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். ஒரு நாவல் முழுவதையும் இந்த நக அகலச் சன்னல் வழியாகத்தான் நாம் படிக்கிறோம்.

தமிழ் வாசகரின் கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முதலில் நிற்கிறது, ‘க’ பின்னால் வருகிறது. ஒலியிலோ மெய் முதலில், எகரம் பின்னால். ‘கொ’வில் உயிர்க்குறி மெய்யின் இரண்டு பக்கமும் நின்று அணைத்துக்கொள்கிறது. பார்க்கிற வரிசை வேறு, ஒலிக்கிற வரிசை வேறு. அதே ‘க’ கல்லில் ஒரு விதமாகவும் தங்கத்தில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். இதையெல்லாம் கால் நொடிக்குள் பிரித்து அடுக்கிவிட்டுக் கண் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறது. ஆறு வயதில் எழுத்துக்கூட்டித் திணறியது நமக்கு நினைவில்கூட இல்லை.

இத்தனையையும் செய்வதற்கென்று பிறக்கும்போதே மூளையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. மனிதன் எழுதத் தொடங்கி 5,000 ஆண்டுச் சொச்சம்தான் ஆகிறது. ஒரு புதிய உறுப்பு பரிணமிக்க அது போதாது. பிரான்ஸைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் சொல்வது இது: முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில், மூளையின் இடப்பக்கப் பின்புற அடிவாரத்தில், ஒரு சிறு இடத்தை எழுத்து தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வளர்ந்த பிறகு கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் என்று 63 பேரை ஒப்பிட்டு அவர் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரில் காட்டியது. எழுத்தறிந்தவர்களுக்கு அந்த இடம் எழுத்தைக் கண்டதும் துடிப்பாக வேலை செய்தது. அங்கே முகங்களுக்கு இருந்த பங்கு சற்றே குறைந்திருந்தது.

அந்தச் சிறு இடத்துக்கான வழி அடைபட்டால் என்ன ஆகும்? கனடாவின் துப்பறியும் நாவலாசிரியர் ஹோவர்ட் ஏங்கல் 2001-ல் ஒரு ஜூலை மாதக் காலையில் டொரன்டோவில் தன் வீட்டு வாசலில் கிடந்த நாளிதழை எடுத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஏதோ அந்நிய மொழிபோல் இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். தூக்கத்திலேயே பக்கவாதம் வந்து போயிருந்தது. பேச்சு சரியாக இருந்தது, காது சரியாக இருந்தது. எழுதவும் முடிந்தது, எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை. 1892-லேயே பாரிஸ் மருத்துவர் ழூல் தெஜெரின் இப்படியொரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஏங்கல் விடவில்லை. ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் நாக்கு நுனியால் வாய்க்குள்ளேயே வரைந்து வரைந்து, மெல்லப் படிக்கப் பழகினார். தன் துப்பறிவாளன் பென்னி கூப்பர்மனுக்கும் அதே குறையைக் கொடுத்து 2005-ல் ஒரு நாவலே வெளியிட்டார். கண் வாசல் மூடிய பிறகும் கதை குடியிருக்கும் அறை அவருக்குள் அப்படியே இருந்தது என்பதுதான் இதில் நான் கவனித்தது.

இனி காது. உட்காதில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் மயிரணுக்கள் காதுக்கு 3,500 அளவில்தான். அவற்றின் வழியாகத்தான் கல்கியின் வந்தியத்தேவனின் குறும்பும் நந்தினியின் சீற்றமும் உள்ளே வருகின்றன. பேச்சைக் காதில் வாங்க எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டியதில்லை. தாயின் வயிற்றில் கடைசி மாதங்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. பேசும்போது நம் வாயிலிருந்து நொடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. படிக்கும்போது கண் தாவுவதும் நொடிக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். இது தற்செயல் அல்ல என்றும், கண்ணின் தாவல் பேச்சின் நடைக்கு இசைந்து அமைந்திருக்கிறது என்றும் பெஞ்சமின் காகல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் கருதுகிறார்கள். மௌனமாகப் படிக்கும்போதும் உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கிறதல்லவா? இதை அறிந்தபின் அந்தக் குரல் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

அக்காவின் கேள்விக்கு நேர் விடை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஃபாத்மா டெனிஸும் ஜாக் கேலன்ட் குழுவினரும் 9 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, வானொலியில் வந்த சில கதைகளை ஒருமுறை கேட்கவும் ஒருமுறை படிக்கவும் செய்தார்கள். எந்தச் சொல்லின் பொருளுக்கு மூளையின் எந்த இடம் விழிக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். 2019-ல் வெளியான முடிவு: கேட்டபோது கிடைத்த வரைபடமும் படித்தபோது கிடைத்த வரைபடமும் ஏறக்குறைய ஒன்றேதான். கண்ணும் காதும் தத்தம் பகுதிகளில் வேறு வேறு வேலை செய்தாலும், பொருள் என்று வந்ததும் இரண்டு ஆறுகளும் ஒரே ஏரியில் போய் விழுகின்றன.

ஆனால் அந்தச் சோதனையில் ஒரு நிபந்தனை இருந்தது. படிக்கும்போது அவர்களுக்குப் பக்கம் காட்டப்படவில்லை. கதைசொல்லி பேசிய அதே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் திரையில் வந்து மறைந்தது. அதாவது தாவவும் நிற்கவும் திரும்பிப் போகவும் கண்ணுக்கு இருக்கும் உரிமையைப் பறித்துவிட்டுத்தான் ஒப்பிட்டார்கள். ஒப்பிட வேறு வழி இல்லை. எனக்கோ மிச்ச வேறுபாடு முழுவதும் அந்த உரிமையில்தான் இருப்பதாகப் படுகிறது. ஆங்கிலம் படிப்பவர்களை அளந்து பார்த்ததில், கண்ணின் தாவல்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கியவை. புரியாத இடத்துக்குக் கண் தானாகவே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. நமக்கே தெரியாது. காதுக்கு அந்த வசதி இல்லை. ஒலி வந்த கணமே போய்விடுகிறது.

மனம் அலைவதும் காதில்தான் அதிகம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நூலின் பகுதிகளைச் சிலமுறை வாய்விட்டுப் படிக்கவும், சிலமுறை மௌனமாகப் படிக்கவும், சிலமுறை சும்மா கேட்கவும் வைத்தார்கள். கேட்டபோது மனம் அதிகம் அலைந்தது, நினைவில் குறைவாக நின்றது. வாய்விட்டுப் படித்தபோது மிகக் குறைவாக அலைந்தது. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடக் கட்டுரையைப் படித்தார்கள், மற்றவர்கள் ஒலியாகக் கேட்டார்கள். தேர்வில் படித்தவர்கள் 81 விழுக்காடும் கேட்டவர்கள் 59 விழுக்காடும் எடுத்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட ஓர் ஓட்ட வீரரின் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும் ‘அன்புரோக்கன்’ நூலின் பகுதியை 91 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 2016 ஆய்வில், படித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் அப்படியே. பாடத்தில் நின்று திரும்ப வேண்டிய இடங்கள் நிறைய. கதை நம்மை முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. வேறுபாட்டுக்கு நான் காணும் காரணம் இதுதான்.

என் இரண்டு நாவல்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர். போன வாரம் விட்ட இடத்தை வாசகருக்கு நினைவூட்டிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம் கல்கிக்கு இருந்தது. ஒரு வாரம் காத்திருந்தவருக்காகச் செய்த அந்த ஏற்பாடு, பல்லாவரத்தில் கூட்டம் ஏறும்போது கவனம் சிதறிய எனக்கும் கைகொடுத்தது. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் நள்ளிரவில் ஒளிந்திருந்து சதியாலோசனையைக் கேட்கிற அத்தியாயம் காதுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ரயிலில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். ஒருநாள் அவசரத்தில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். சொல்லெல்லாம் புரிந்தது, ஆனால் குரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் செத்துப்போயின. பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டேன். கல்கியைக் காதால் கேட்பது, என்னைக் கேட்டால், உயர்ந்த அனுபவம்.

‘18வது அட்சக்கோடு’ அப்படியல்ல. 1977-ல் வந்த நாவல்; இந்தியச் சுதந்திரத்தை ஒட்டிய கொந்தளிப்பில் செகந்திராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்ற தமிழ் இளைஞனின் கதை. ‘நான்’ என்று போய்க்கொண்டிருக்கும் கதை எச்சரிக்கையே இல்லாமல் ‘அவன்’ என்று மாறிவிடும். அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை. கிரிக்கெட்டைச் சொல்லும் அதே தொனியில் கலவரத்தையும் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு வரி தாண்டிய பிறகுதான் நமக்குச் சுருக்கென்கிறது. கண் பின்னால் ஓடுகிறது. கடைசியில், ஓடி ஒளிய இடம் தேடி ஒரு வீட்டுக்குள் நுழையும் சந்திரசேகரன் அங்கே காண்பதை நான் மூன்று முறை படித்தேன். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த நாவல் முடிவுகளில் அது ஒன்று. இந்த நாவலைக் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்து கண்ணால்தான் படிக்க வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அம்மாதான் அந்த முடிவைத் திருத்தினாள். அவளுக்கு வயது 85. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோய்விட்டது. ஓரப் பார்வை இருப்பதால் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பாள், சுவரோரம் போகும் பல்லியைச் சொல்வாள். அந்தக் கட்டைவிரல் நக அகலம்தான் போய்விட்டது. அதனால் எழுத்து இல்லை. பொன்னியின் செல்வன் ஒலிநூலை அவளுக்குப் போட்டேன். நந்தினி பேசத் தொடங்கியதும், “மணியம் வரைஞ்ச நந்தினிக்கு இந்தக் குரல் பொருந்துது” என்றாள். கல்கி இதழில் வந்த மணியத்தின் ஓவியங்கள் எழுபது வருஷம் கழித்தும் அவளுக்குள் அழியாமல் இருந்தன. பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னாள்: “நானும் முதல்ல கேட்டதுதான்டீ. இதழ் வந்தா தாத்தா திண்ணையில உக்காந்து உரக்கப் படிப்பார், தெருவே கேக்கும்.” அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அசோகமித்திரனை நான் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். நாலாவது பக்கத்தில், “நிறுத்து. இப்பத்தான் ‘நான்’னு சொன்னான், எப்படி ‘அவன்’ ஆனான்? மறுபடி படி” என்றாள். பின்னோக்கிப் போகிற அந்தத் தாவலை அவள் கண் இனிச் செய்யாது; என் குரல் செய்தது. வாய்விட்டு வாசித்ததில், ஏற்கெனவே படித்து முடித்த எனக்கே அதுவரை பிடிபடாத சொற்கள் பிடிபட்டன.

கண் மங்கிய ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், கைபேசியில் ஒலிநூலைப் போட்டுக்கொடுங்கள், அது நல்லதுதான். அதோடு இரவில் இருபது நிமிடம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். மறுபடி என்றால், மறுபடி வாசியுங்கள்.