‘கரண்ட்’ வைத்தால் பிழைப்பார்களா?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாய்ப்புற்றோ தொண்டைப்புற்றோ வந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கடைசியில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். “மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் கரண்ட் வைக்கிறாங்களாம்” என்பார் ஒருவர். “கரண்டா? அப்போ அவ்வளவுதான்” என்று மற்றவர் முடித்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தக் ‘கரண்ட்’ என்பது என்ன, அதை வைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று நாம் கேட்பதேயில்லை.

முதலாவதாக, அது மின்சாரமே அன்று. கை முறிந்தால் எடுக்கிறோமே எக்ஸ்-ரே, அதன் உறவுதான். ஆனால் சக்தி பல மடங்கு அதிகம். கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் காமாக் கதிர்களையோ, லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் இயந்திரம் உண்டாக்கும் எக்ஸ்-கதிர்களையோ புற்று இருக்கும் இடத்தில் குறி வைத்துச் செலுத்துகிறார்கள். நாம் உயிரியல் பாடத்தில் படிக்கும் டி.என்.ஏ. இழை இக்கதிர் பட்டு அறுந்துவிடுகிறது. அறுந்த இழையைச் சீர்செய்யும் திறமை நல்ல உயிரணுக்களுக்கு உண்டு. புற்றுநோய் உயிரணுக்களுக்கு அது குறைவு. இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் சிகிச்சை முழுவதும் நிற்கிறது. ஆகையால் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், நல்ல உயிரணுக்கள் தேறிக்கொள்ள இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமான அளவு 70 கிரே. நாளொன்றுக்கு 2 கிரே. வாரத்தில் ஐந்து நாள். ஆக 35 நாட்கள், ஏழு வாரங்கள். இந்த 35 என்ற எண்ணைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

சிகிச்சை அறையில் நோயாளிக்கு வலி எதுவும் இல்லை. தலை அசையாதிருக்க, வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின்மேல் படியவைத்து முகமூடி செய்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு சில நிமிடங்கள் படுத்திருந்தால் அன்றைய வேலை முடிந்தது. வெளியே வந்தவரிடம் கதிர் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பதும், குழந்தைகளை அவர் மடியில் உட்கார விடாததும் வீண் கொடுமையே.

பிழைப்பார்களா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. குரல்நாணில் புற்று தொடங்கியவுடனே வந்துவிட்டால், கதிர்வீச்சு ஒன்றினாலேயே பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் குணமாகிவிடுகிறது. அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, குரலும் பெரும்பாலும் மிஞ்சுகிறது. இவ்வளவு நல்ல பலனுக்குக் காரணம், குரல்நாணில் சிறு புள்ளி வந்தாலும் குரல் கம்மிப்போய் நோய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதே. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊரிலோ சுக்குக் கஷாயமும் பனங்கற்கண்டும் மூன்று மாதம் ஓடும்.

வாய்ப்புற்றின் கதை வேறு. வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர்களுக்கு, அடக்கிய இடத்திலேயே புண் வருகிறது. மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்களும் வயலில் நிற்கும் பாட்டிமார்களும் தூக்கமும் பசியும் தெரியாமலிருக்க அடக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்தது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,35,000 பேருக்கு உதட்டிலோ வாயிலோ புற்று புதிதாக வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் அறுவை. அதன்பின், தேவைப்படுவோருக்கு, ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு. புண் வலிக்காத வரை யாரும் பொருட்படுத்துவதில்லை. கழுத்தில் கட்டி இறங்கிய பிறகு வருவோரே நம் நாட்டில் மிகுதி. அந்த நிலையில் பாதிப்பேரைக் காப்பதே கடினம். ‘கரண்ட் வைத்தும் போய்விட்டார்’ என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் அநேகமாக இவர்களைப் பற்றித்தான். பழி கரண்டின்மேல் விழுகிறது.

முற்றிய நோய்க்கும் வழி தேடியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள் என்பது பெருமைக்குரியது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1957-இல் அங்கே கோபால்ட் இயந்திரம் வந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் அங்கே சேர்ந்து 2021-இல் மறையும் வரை அதைவிட்டு நீங்காத டாக்டர் வி. சாந்தாவும், கன்னத்தின் உட்புறப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, அதன் பலனை 1971-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு நடக்கும்போதே சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தையும் ஏற்றுகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுகூட்டிப் பார்த்ததில், இவ்வாறு சேர்த்துக் கொடுப்பதால் நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுதலாக ஐந்தாண்டு கடக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆறேழுதானா என்று உதட்டைப் பிதுக்கக் கூடாது. அந்த ஆறேழு பேரில் ஒருவர் நம் வீட்டுப் பெரியப்பாவாக இருக்கலாம் அல்லவா?

இனி அந்த 35-க்கு வருவோம். நான்காவது வாரத்துக்குப் பிறகு, தப்பிப் பிழைத்த புற்று உயிரணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. இடையில் விடும் ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு லாபம். ஒரு நாள் நீண்டால் நோய் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டென்மார்க்கில் இதையே திருப்பிப் பார்த்தார்கள். அதே அளவுக் கதிரை வாரத்துக்கு ஐந்து முறைக்குப் பதில் ஆறு முறை கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்தார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டு வரை நோய் அடங்கியிருந்தவர்கள் நூற்றுக்கு 60 என்பதிலிருந்து 70 ஆக உயர்ந்தார்கள். புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை, நாட்களைச் சுருக்கியதுதான்.

நம் ஊர்க்காரருக்கு அந்த நாட்கள் எப்படிப்பட்டவை? பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய்ப் பிரிவு உட்பட, இச்சிகிச்சைக்கு நம்மவர்கள் பெரிதும் நாடிச் செல்வது மதுரையைத்தான். இராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக ஏறத்தாழ 85 கிலோமீட்டர். போகவர 170. அதை 35-ஆல் பெருக்கினால் 5,950 கிலோமீட்டர்! கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலையே சுமார் 3,700 கிலோமீட்டர்தான். வாய் முழுதும் வெந்து, எச்சில் விழுங்க முடியாத ஒருவர் அந்தத் தூரத்தைப் பேருந்தில் கடக்க வேண்டும். நமக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்கிறது. சத்திரப்பட்டிக்காரர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. துணைக்குப் போகும் மகனின் ஏழு வாரக் கூலியை யார் ஏற்பார்? ஆகையால் இருபதாம் நாள் கட்டி சுருங்கியதைக் கண்டதும் “இப்போ தேவலை” என்று நின்றுவிடுகிறார்கள். அல்லது ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்கிறார்கள். கட்டி கண்ணுக்கு மறைந்தால் உயிரணுக்கள் எல்லாம் மாண்டுவிட்டன என்று பொருளன்று. மதுரையிலேயே தங்க ஓர் உறவினர் வீடு கிடைக்குமா என்று முதல் நாளே விசாரிப்பது மேல். மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால் நோயாளிக்கும் துணைக்கும் இரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

பீடியை விடாதவர்களுக்கு ஒரு செய்தி. 1993-இல் கனடாவில் வெளியான ஆய்வில், கதிர்வீச்சின்போது புகைபிடிப்பதை நிறுத்தியிருந்தவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. தொடர்ந்து புகைத்தவர்களில் 45 பேருக்கே மறைந்தது.

பக்க விளைவுகளை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகிறது. கழுத்துத் தோல் கறுக்கிறது. காரம் அறவே ஆகாது. ஆறிய கஞ்சி, பால், தயிர், மசித்த முட்டை என்று கொடுத்து எடை குறையாமல் பார்க்க வேண்டும். சிலருக்கு மூக்கு வழியே குழாய் போடுகிறார்கள், அது தற்காலிகமே. சொத்தைப் பல்லைத் தொடக்கத்திலேயே பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாடுவதால் பலருக்கு வாய் நெடுநாள் உலர்ந்தேயிருக்கும். சுரப்பிகளைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் புது முறையில் இத்துன்பம் பாதியாகக் குறைந்ததை 2011-இல் இங்கிலாந்தில் கண்டார்கள். நாக்குச் சுவையும் போய்விடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைக் கொடுத்தாலும் மண்ணைத் தின்பதுபோல் இருக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சுவை மெல்லத் திரும்புகிறது. அப்போது பால்கோவா தின்றாலும், வாய் உலர்ந்தவருக்குப் பல் விரைவில் சொத்தையாகும் என்பதால் உடனே கொப்பளிக்க வேண்டும்.

நோய் திரும்புவதானால் அநேகமாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால் முதலாண்டில் அடிக்கடியும், பிறகு இடைவெளி விட்டு ஐந்தாண்டு வரையிலும் மறுசோதனைக்கு அழைக்கிறார்கள். அதற்கு மதுரையில் தங்க வேண்டியதில்லை. காலைப் பேருந்தில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.