கவட்டை ரப்பர் வெட்டுவது எப்படி?

சோளம் பால் பிடித்ததும் கிளிக்கூட்டம் இறங்கிவிடும். காவலுக்கு நிற்பவர் கையில் கவட்டை இருந்தும், ரப்பர் அடிக்கடி அறுந்துபோகிறது. கத்தரிக்கோலால் வெட்டுவதே காரணம். ஓரத்தில் விழும் சிறு பிசிறும் இழுக்கும்போது கிழிசலாக ஓடும்.

இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்கும் பழைய டியூபில் 22 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் துண்டு எடுக்கவும். இடது ஓரத்திலிருந்து மேலே 2.5 செ.மீ., கீழே 1.5 செ.மீ. குறித்து, இரும்பு ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்தால், சேதாரமின்றி இரண்டு பட்டைகள் ஒரே அளவில் கிடைக்கும். அகன்ற முனையைக் கொம்பிலும், குறுகிய முனையைத் தோலிலும் கட்டவும். தோல் பக்கம் எடை குறைவதால் வேகம் கூடும்.

வெடிப்பு கண்ட பட்டையை அன்றே கழற்றுங்கள். அறுந்தால் கண்ணில் அடிக்கும். கிளியையும் மயிலையும் கொல்வது சட்டப்படி குற்றம், விரட்டினால் போதும். ஆளில்லாத பக்கமாக, பறவைகளுக்கு மேலே களிமண் உருண்டையை விடுங்கள். கல்லானால் அறுவடையில் அரிவாளைக் கெடுக்கும்.