கெட்டுப்போகாத ஷாம்பு

வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறதை விட்டாச்சு. சரி, குளியலறையில் இருக்கும் ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தீங்களா? பொடி எழுத்தில் மெத்தில் பாரபென், புரொப்பைல் பாரபென் என்று இருக்கலாம்.

தண்ணீர் கலந்த பொருளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். மாதக்கணக்கில் கடையில் கிடந்தாலும் கெடாமல் இருக்கத்தான் பாரபென் சேர்க்கிறார்கள். கிரீம், லோஷன், சில மருந்துகளிலும் உண்டு. தோல் வழியாகவும் உள்ளே போகும். பெரும்பகுதியை உடம்பு சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஆனால் நாம் தினமும் பூசுகிறோமே! அமெரிக்காவில் பரிசோதித்தபோது பெரும்பாலானவர்களின் சிறுநீரில் மெத்தில் பாரபென் இருந்தது.

இதில் என்ன கவலை? பாரபென், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப்போல லேசாக வேலை செய்யும். 2004இல் பிரிட்டனில் 20 மார்பகப் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து, பாரபென் இருப்பதைச் சொன்னார்கள். புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் டென்மார்க் 2011இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருட்களில் புரொப்பைல், பியூட்டைல் பாரபென்களைத் தடுத்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருட்களில் ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தது.

'பாரபென் இல்லாதது' என்று வாங்கினால் போதுமா? போதாது. அதற்குப் பதில் வேறொரு ரசாயனம் இருக்கலாம். மெத்தில் ஐசோதயசோலினோன் அப்படி ஒன்று. தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

தண்ணீரே சேராத பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நன்றாகக் காயவைத்து அரைத்த சீயக்காய்த்தூள், பாசிப்பயறு மாவு போதும். ஈரக்கையை விடாதீங்க. தேவையான அளவு மட்டும் குழைச்சுக்கோங்க, மிச்சம் வைக்காதீங்க. விதைநெல்லைக் காயவைத்துக் காப்பாற்றும் நமக்கு இது புதுசா என்ன?